ஹாஷிமின் பிரேக் லைட்

நாளைக்குக் கலியாணப் பெண் ஷஹ்மா ஏற வேண்டிய கார் அது. ஹாஷிம் மாமாவின் காரில்தான் போவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளுடைய வாப்பா றவூப் மட்டும் மசியவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்ப்பானாம். டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கண்டியில் வாடகைக் கார் பிடிப்பானாம்.

அதை எரிய வைத்தவனே அவன்தான். கலியாணக் கார் மின்ன வேண்டும் என்று பிரேக்குக்கு எல்.ஈ.டி. பல்பு வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஹாஷிம் பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு, முன்னால் டேஷ்போர்டில் மஞ்சள். புதுப் பல்பு கரண்டைக் கொஞ்சமாகத்தான் குடிக்கிறது. பல்பு செத்துவிட்டது என்று கார் நினைத்துக்கொள்கிறது. அக்குறணையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் நஸீப் இப்படித்தான் சொன்னான். பல்புக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாம்.

"பழைய பல்பு குடிச்ச கரண்ட அது குடிக்கும், ஹாஷிம் நானா. கார் ஏமாந்துரும்."

"கரண்ட மிச்சம் புடிக்கிற பல்ப ஒருத்தன் விப்பான். மிச்சத்தக் குடிக்கிற சாமான நீ விப்பாய். நல்லா ஈக்கிடா ஒங்கட யாவாரம்."

நஸீப் சிரித்துக்கொண்டே இரண்டு வகையை எடுத்து வைத்தான். ஒன்று தங்க நிறத்தில் தடித்த கட்டை, ஐம்பது வாட். மற்றது சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளை, பத்து வாட். இரண்டும் ஆறு ஓம்.

"பெரிச எடுங்க. சூடு தாங்கும்."

"ஓம் ஒண்டுண்டா வேலயும் ஒண்டுதானே. பெரிசில ஒனக்கு லாபம்." ஹாஷிம் சின்னதில் இரண்டை வாங்கிக்கொண்டு மடவளை வீட்டுக்குத் திரும்பினார்.

டிக்கிக்குள் பல்புகளோடு இரண்டையும் பூட்டி, பிரேக்கை மிதித்தார். மஞ்சளைக் காணோம்.

"றலியா, ஓடி வா!"

மனைவி மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "எரியல்லயே. அப்ப முடிஞ்சி."

"என்ன முடிஞ்சி? நாளைக்கி கட்டுகஸ்தோட்ட பாலத்து நெரிசலில எவ்வளவு நேரம் பிரேக்கிலயே நிக்கோணுமோ."

தன் கண்ணையே நம்பாத மனிதர். காரை வெள்ளைச் சுவரோடு பின்னுக்கு நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு தடியை முட்டுக் கொடுத்தார். சுவர் சிவந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னமோ கருகுது," என்றாள் றலியா.

டிக்கிக்குள் புகை. வெள்ளைத் துண்டு பழுப்பாகி, பக்கத்து பிளாஸ்டிக் இளகி ஒழுகியது. தடியை உதைத்துத் தள்ளினார் ஹாஷிம். பெண்ணை ஏற்றிய பிறகு இது நடந்திருந்தால்? மறுபடி அக்குறணைக்கு.

நஸீப் பெரியதில் இரண்டை நீட்டினான். "பிளாஸ்டிக்கில ஒட்டிராதீங்க. காருட பொடி இரும்புத் தகட்டில வச்சி இறுக்குங்க."

"தெரியும்," என்றார். தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் தகட்டில் இறுக்கி, மறுபடி தடியை முட்டுக் கொடுத்தார். றவூப் வரும்போது சுவர் சிவந்தே இருந்தது.

"என்ன மச்சான், செவரு ஓடிரும்னு பிரேக் புடிக்கிறீங்களா?"

"முன்னால போய்ப் பாரு."

மஞ்சள் இல்லை. நம்பாமல் டிக்கிக்குள் கையை விட்டவன், உதறிக்கொண்டு வெளியே எடுத்தான். "சுடுதே!"

"சுடத்தான் வேணும். புகையுதா? கருகுதா?"

றலியா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை மூவரும் மோப்பம் பிடித்தபடி நின்றார்கள். ஒரு மணமும் இல்லை.

றவூப் விரலை ஊதிக்கொண்டே கேட்டான்: "காருக்குப் பூ வெள்ளையில கட்டவா, ரோசா நெறத்திலயா?"

"எதையும் கட்டு," என்றார் ஹாஷிம். "பின்னால லைட்ட மட்டும் மறச்சிராத."