திருஷ்டிப் பூசணிக்காய்

பங்காளி தீர்த்தகிரி அறுபத்தெட்டாம் ஆண்டில் வாங்கிய வெள்ளைக்காரத் துரை காலத்துக் கார், நசீருதீன் பாய் பட்டறையில் என்ஜின் பிரிந்து கிடந்தபோதுதான் மாதுவுக்குச் சோறு இறங்கியது. அடுத்த நான்கு நாளும் கம்பைநல்லூரில் இருந்த அந்தப் பட்டறைக்குப் போய், கழற்றிவைத்த பிஸ்டன்களைக் கண்குளிரப் பார்த்து வந்தான். ஐந்தாம் நாள் என்ஜினைப் பூட்டியும் வண்டி முனகி நின்றது. மாதுவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“எவனோ கண்ணு வெச்சுட்டான்,” என்ற தீர்த்தகிரி, பூசணிக்காய் வாங்கிவந்து மாதுவிடம் நீட்டினான். “நாலு நாளா எனக்காவ இங்கயே கெடந்தவன் நீதான். உன் கையாலயே சுத்திப் போடு.”

மாது மூன்று சுற்றுச் சுற்றி, இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து ஓங்கி உடைத்தான். அதற்குள் பாய் சத்தமில்லாமல் பிளக்கைத் துடைத்து மாட்டியிருந்தார். ஒரே திருகலில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

தீர்த்தகிரி கண்கலங்கி அவனைக் கட்டிக்கொண்டான். “ராசியான கைடா, மாது.”