புளி போட்டுத் துலக்கிய சாக்ஸபோன்

நேசகுமார் வாத்தியாருக்கு அந்தப் பழைய சாக்ஸபோன் மேல் அப்படி என்ன கிறுக்கு என்று ஆமத்தூரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டார்கள்.

மதுரையில் பேண்டு வாசித்து ஓய்ந்த ஒருவரிடம் வாங்கியது. மேல்பூச்சு உதிர்ந்து பித்தளை கறுத்துக் கிடந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அதன் விரிந்த வாயில் எவனோ ஒரு மகராசன் உட்கார்ந்து கையால் கீறிய பூக்கொடி ஓடியது. விரல் படும் இடமெல்லாம் சிப்பிப் பொத்தான்கள், யார் யாரோ வாசித்து வாசித்துக் குழிந்தவை. ஊதினால் புதுசுகள் மாதிரிக் கத்தாது. அடிவயிற்றிலிருந்து பேசும்.

ஊர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஆராதனையன்று அதில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க, கோயில் கமிட்டியிடம் வருஷக்கணக்காகக் கெஞ்சினார். இந்தத் தடவைதான் சம்மதித்தார்கள். அதிலும் கமிட்டிச் செயலாளர் இன்பம், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஆள், ஒத்திகையில் எல்லார் முன்னாலும் வாயை விட்டார்.

"வாத்தியாரே, உள்ள வெடி நமுத்திருந்தாலும் பெட்டி பளபளன்னு இருந்தா லோடு போயிரும். இந்தக் கருவாட்டத் தூக்கிக்கிட்டா சனங்க முன்னாடி நிக்கப் போறீக?"

எல்லாரும் சிரித்தார்கள். நேசகுமாரின் மனைவி ஜாஸ்பினுக்கு முகம் செத்துப்போயிற்று.

பண்டிகைக்கு முந்தின நாள் பெண்கள் குழாயடியில் கூடி, கோயிலின் பித்தளைச் சாமான் முழுவதையும் புளி போட்டுத் துலக்குவது வழக்கம். குத்துவிளக்கு, காணிக்கைத் தட்டு, பூச்சாடி எல்லாம் வந்தன. நேசகுமார் கோயில் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்த சாக்ஸபோனையும் ஜாஸ்பின் தூக்கி வந்துவிட்டாள். கை நோகத் தேய்த்து, குழாயில் காட்டி அலசி, துடைத்து அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு, விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ராத்திரி நர்ஸ் வேலைக்கு பஸ் ஏறினாள்.

ஞாயிறு காலை நேசகுமார் அலமாரியைத் திறந்தார். கண் கூசியது. எடுத்து ஊதினார். புஸ். துளைகளை மூடும் தோல் மெத்தைகள் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன. ஒன்றுகூட ஒழுங்காக மூடவில்லை.

"அடிப்பாவி! எவ செஞ்ச வேலை இது?" என்று ஆளில்லாத அறையில் கத்தினார்.

இன்பம் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "உங்க வீட்டம்மாதான் துலக்குனாகளாம். இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு! சத்தம் வரலையா? அதுக்கென்ன, கீபோர்டுல சாக்ஸபோன் சத்தமும் இருக்கு. நம்ம கீபோர்டுக்காரப் பய சாலமன்ராஜ் வாசிக்கட்டும். நீங்க வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

"மாட்டேன்!"

அதற்குள் மணி அடித்துவிட்டது. பின் பெஞ்சில், வேலை முடிந்து நர்ஸ் உடுப்போடு நேரே வந்திருந்த ஜாஸ்பின், கழுத்தை நீட்டி அவரையே தேடிக்கொண்டிருந்தாள். நேசகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றார். விரல்கள் பழக்கத்தில் பொத்தான்களை அமுக்கின. கீபோர்டு தகரம் மாதிரிக் கத்தியது.

முடிந்ததும் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். பிரமாதம் என்றார்கள். ஆத்திரத்தில் அவருக்குக் காது அடைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜாஸ்பின் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கேட்டீகளா, என்னா சத்தம்! இம்புட்டு நாளும் அழுக்குல்லா அடைச்சுக் கெடந்திருக்கு. இனிமே மாசாமாசம் நானே துலக்கித் தாரேன்."