ஜன்னலில் நின்று சொன்ன உயில்

அர்சுலாவுக்கு அக்குளில் நெறி கட்டிவிட்டது. வேலைக்காரப் பெண் மார்ஜரி இதே கட்டியோடு கிடந்து செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். இனி என்ன வரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளை உலுக்கியது சாவு பயம் அல்ல. எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டால் மகள் சிபில் தெருவுக்கு வந்துவிடுவாளே என்ற பயம்.

நாரிச் நகரில் அந்தக் கோடையில் கொள்ளைநோய் தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தது. மார்ஜரி விழுந்த அன்றே வாசற்கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டார்கள். உள்ளே அர்சுலாவும் சிபிலும். வாசலில் ஒரு காவல்காரன். மூத்த மகன் கில்பர்ட் கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான்.

நெசவாளியான புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் கில்பர்ட் சொன்னதை அர்சுலா மறக்கவில்லை. "அம்மாவுக்கு அப்புறம் வீடும் தறியும் எனக்கு. சிபில் எங்கயாச்சும் வீட்டு வேலைக்குப் போகட்டும்." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். அவன் அப்பனைப் போலவே குரலை உயர்த்தாமல் பேசுகிறவன். அந்த அமைதியான குரலுக்குத்தான் அவள் கல்யாணமான நாளிலிருந்து நடுங்கி வாழ்ந்திருந்தாள். அன்றைக்கும் அவள் வாயே திறக்கவில்லை.

இப்போது உயில் எழுத யார் உள்ளே வருவார்கள்? இந்த வீட்டிலிருந்து போகும் காகிதத்தைக்கூட எவனும் தொட மாட்டான். ஆனால் குத்தகை வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சாட்சிகள் முன்னால் வாயால் சொல்லிக் கொடுத்தாலே செல்லும் என்பது ஊரறிந்த விஷயம். காவல்காரனிடம் சொல்லி அனுப்பினாள். எதிர்வீட்டில் பீர் விற்கும் ஜெனட்டும், கோயில் குமாஸ்தா ஹம்ப்ரியும் வந்து தெருவின் மறு ஓரத்தில் நின்றார்கள். நோய்க் காற்று அண்டாமல் இருக்க ஹம்ப்ரி புளித்த காடியில் நனைத்த துணியை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார்.

சிபில் தாயை இடுப்போடு அணைத்து மாடி ஜன்னலுக்கு நடத்திக்கொண்டு போனாள். வெயில் முகத்தில் அடித்ததும் அர்சுலாவுக்குத் தலை சுற்றியது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். ஜெனட்டுக்குப் பின்னால் கில்பர்ட் நின்றிருந்தான்.

அவனுக்கு யார் சொன்னார்கள்? பேச முயன்றாள். வார்த்தைக்குப் பதில் ஒரு முனகல்தான் வந்தது.

"என்ன சொல்றாங்க? ஒண்ணும் கேக்கல," என்றார் ஹம்ப்ரி.

"நான் சொல்றேன், இந்த வீடு..." என்று ஆரம்பித்தாள் சிபில்.

"நீ பேசக் கூடாதும்மா," என்றார் ஹம்ப்ரி. "வாங்கிக்கிறவ வாயால சொன்னா செல்லாது."

"ஜுரத்துல பிதற்றுறாங்க," என்றான் கில்பர்ட், குரலை உயர்த்தாமல். "அவங்களுக்கு இப்ப நெனவே சரியில்ல. எல்லாரும் போங்க. நான் பாத்துக்கறேன்."

ஹம்ப்ரி தயங்கி ஓர் அடி பின்னால் வைத்தார். அவர் போய்விட்டால் திரும்ப வரமாட்டார் என்று அர்சுலாவுக்குத் தெரிந்தது. ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்தாள். வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

ஜெனட்தான் நடுத்தெருவரை வந்தாள். ஏதோ பழைய தகராறில் அவளுக்கும் அர்சுலாவுக்கும் பேச்சு நின்று வெகுகாலம். "ஏ அர்சுலா, என்னைப் பாரு. நான் யாரு?"

அர்சுலா பார்த்தாள். "ஜெனட்."

"எந்த ஜெனட்?"

"பீர்ல தண்ணி கலக்கறவ."

காவல்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். "புத்தி தெளிவாத்தான் இருக்கு," என்றாள் ஜெனட். "ஹம்ப்ரி, நில்லுங்க. நீ சொல்லு அர்சுலா."

குரல் வந்துவிட்டது. மகன் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்டுக் குத்தகை சிபிலுக்கு. பெரிய தறி சிபிலுக்கு. சின்ன தறி, பித்தளை அண்டா, அவங்கப்பா மேலங்கி கில்பர்ட்டுக்கு. ஜெனட்டும் ஹம்ப்ரியும் சாட்சி." மூச்சு வாங்கியது. "இந்த இறகு மெத்தையை யாரும் எடுக்கக் கூடாது. மார்ஜரி செத்தது இதுலதான். கொளுத்திடணும். கில்பர்ட், உனக்குத்தான் சொல்றேன். ஆசப்பட்டு இதத் தொட்டுடாதே."

அவன் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் திரும்பி ஆற்றுப் பக்கம் நடந்து போனான்.

அதற்குப் பிறகு அவளுக்கு நினைவு தப்பியது. ஜுரக் கனவில் வந்ததெல்லாம் மகனின் கைகள். பூட்டை உடைத்துக்கொண்டு வருகிறான், சிபிலின் முடியைப் பிடித்து இழுக்கிறான். கத்திக்கொண்டே விழிப்பாள். ஒரு நாள் கட்டி தானாக உடைந்து வழிந்தது. சிபில் அதைத் துடைத்துத் துடைத்துக் கட்டினாள். ஜுரம் இறங்கியது.

பிழைத்த பிறகு பயம் இரட்டிப்பாயிற்று. விடிந்ததும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். "சுடலம்மா, விடு," என்று சிபில் கையைத் தட்டிவிடுவாள். கடைசிவரை சிபிலுக்கு நோய் வரவில்லை. பூட்டி வைத்த கெடு முடிந்து கதவைத் திறந்தார்கள்.

முதலில் உள்ளே வந்தவள் ஜெனட். "நீ செத்துத் தொலைவேன்னு நெனச்சு சாட்சி சொன்னேன். என்னை ஏமாத்திட்டே," என்று சொல்லி ஒரு குடுவையை மேசையில் வைத்தாள். "தண்ணி கலக்காதது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் மகன் சேதி தெரியுமா? உங்க கதவுல சிலுவை போட்ட வாரமே அவன் வீட்டுக்காரன் அவனை வெளிய தள்ளிட்டான். நோய் வீட்டுப் பையனாம். பொண்டாட்டியும் கைக்குழந்தையுமா சாயக்காரன் கொட்டகையில கிடக்கான். அன்னிக்கு உன் ஜன்னலுக்குக் கீழ நின்னப்பவே அவனுக்குக் கூரை இல்ல."

"ஏன் அவன் என்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப அவன் மொகத்தப் பாத்துப் பேசினே, அவன் சொல்றதுக்கு?"

அர்சுலா அன்று மதியமே ஆற்றங்கரைக்குப் போனாள். நோயால் வந்த நடுக்கமா, பழைய நடுக்கமா என்று தெரியாமல் கால்கள் ஆடின. கொட்டகை வாசலில் கில்பர்ட் குழந்தையோடு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராதீங்கம்மா."

அவன் குரல் உடைந்திருந்தது. தன்னைக் கண்டு அவன் பயப்படுகிறான் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சொன்னது சொன்னதுதான். எனக்கப்புறம் வீடு சிபிலுக்கு. அத மாத்த மாட்டேன்," என்றாள். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஆனா நான்தான் இன்னும் சாகலையே. கீழ் அறை சும்மா கிடக்கு. வாங்க."

"உங்களுக்கு நெனவு சரியில்லன்னு தெருவுல வச்சு சொன்னேன்."

"ஜுரம்னு சொன்னே. ஜுரம் இருந்துச்சு."

சிபிலிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "உன் சீழை நான் துடைச்சேன். அவன் கீழ நின்னு உன்னப் பைத்தியம்னான்," என்றாள் சிபில். வெகுநேரம் அடுப்பையே கிளறிக்கொண்டிருந்தாள். "குழந்தைக்காக வரட்டும். மாடி என்னோடது. அவன் படியேறினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

மறுநாள் கில்பர்ட் வந்தான். சின்ன தறியை மாடியிலிருந்து கீழ் அறைக்கு இறக்க வேண்டியிருந்தது. படி குறுகல், ஓர் ஆளால் ஆகாது. அவன் முதல் படியில் காலை வைக்காமல் நின்றான். மேலே சிபில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அர்சுலா மேசை ஓரத்தைப் பிடித்தாள்.

"ஏறி வா," என்றாள் சிபில் கடைசியில். "அந்தக் கோடியப் பிடி. சுவத்துல இடிக்காம எறக்கு."