கண்டக்டர் கொடுத்த சிபாரிசு

பெருமாள்ராஜ் அந்த இன்டர்வியூ கடிதத்துக்கு லேமினேஷன் போட்டதை யாரும் தப்பென்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று மகள் பெயருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அம்பாசமுத்திரம் – திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற மனிதர் அதை நாலு பேரிடம் காட்டத்தான் செய்வார். நாலு பேர் நாற்பது பேரானார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஏறிய பூக்காரி தொட்டுப் பார்த்தாள். பத்தமடையில் இறங்குகிற வாத்தியார் பெயர் வரைக்கும் வாசித்துவிட்டு மெச்சித் தலையாட்டினார். மூன்றாம் நாள் தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்ததும் லேமினேஷன் போட்டு, டிக்கெட் மெஷினோடு தோல்பையில் வைத்துக்கொண்டார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கல்லூரி இந்த வருஷம் சீன மொழியும் பண்பாடும் சொல்லிக்கொடுக்க ஒரு துறை தொடங்குகிறது. அதற்கு ஆசிரியர் ஒருவர் தேவை. முத்துராணி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும். மாணவர்கள் முன்னால் பதினைந்து நிமிடம் மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். அதற்குக் கீழேயும் ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் அத்தனை தூரம் இறங்கிப் போக பெருமாள்ராஜுக்குப் பொறுமை இல்லை.

முத்துராணிக்குச் சீனம் வந்த கதையை பஸ்ஸில் அவர் சொல்லாத நாள் கிடையாது. டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே இருந்த சீன இன்ஜினீயர்கள் சொல்வதை மொழிபெயர்ப்பவர் ஒரு நாள் லீவு போட, மெஷின் மூன்று மணி நேரம் நின்றது. நாலாவது மணியில் முத்துராணி தனக்குத் தெரிந்த இருபது வார்த்தைகளை வைத்துக்கொண்டு அதை ஓட வைத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பிடி. பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, உதவித்தொகை வாங்கி, குன்மிங் நகரத்தில் இரண்டு வருஷம் படித்து, சீனம் கற்பிக்கவே பட்டம் வாங்கிக்கொண்டு வந்தாள். மொத்தம் ஏழு வருஷம். அப்பா சொல்லும்போது மூன்று மணி நேரம் சில நாள் ஆறு மணி நேரமாகும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இரண்டு வாரமாக வீடே வகுப்பறை. அம்மா செல்வமணி அரிசி களைந்துகொண்டே பத்து வரை சீனத்தில் எண்ணினாள். பெருமாள்ராஜுக்கு இரண்டு வேலை. முதலில் மாணவனாக உட்கார்ந்து வணக்கம் சொல்ல வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தேர்வுக்குழுத் தலைவராகி, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்குச் சீனம் என்று அதட்டிக் கேட்க வேண்டும். தலைவர் வேலையை அவர் ரொம்ப விரும்பிச் செய்தார். ஆனால் மகள் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அதட்டலை மறந்துவிட்டு, வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவள் நடத்தப்போகும் பாடம் சீனப் புத்தாண்டு. படங்கள் எல்லாம் தயாராக இருந்தன.

வெள்ளிக்கிழமை கல்லூரியின் இணையதளத்தில் ஐந்து பேர் பட்டியல் வந்தது. நாலாவது பெயர் முத்துராணி. முதல் பெயருக்குப் பக்கத்தில், தில்லியில் சீன மொழியில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று போட்டிருந்தது. முத்துராணி அதைப் பார்த்துவிட்டு, நல்ல போட்டி என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். பெருமாள்ராஜுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சேரன்மகாதேவி நிறுத்தத்தில் டிரைவர் மகேஸ்வரனிடம் விஷயத்தைச் சொன்னார். மகேஸ்வரன் முன்பு அந்தக் கல்லூரியில்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, படிப்பு ஒரு பக்கம் கெடக்கட்டும். பிள்ளைக்காவ ஒரு வார்த்த சொல்லுததுக்கு ஆளு இருக்கா?" என்று கேட்டான்.

ஆள் இல்லை. தாளாளர் தேவமணி அய்யா தங்கமான மனுஷன், நேரில் போய்ப் பார்த்தால் போதும் என்று மகேஸ்வரனே வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டான். மத்தியானம் டூட்டி முடிந்ததும் பெருமாள்ராஜ் வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு சில்வர் தட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். டவுணில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு கிலோ அல்வா. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, பாளையங்கோட்டையில் தேவமணி அய்யா வீட்டு வாசலில் போய் நின்றார்.

தேவமணி அய்யா உட்காரச் சொன்னார். மகள் பெயரைக் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார். தட்டை மட்டும் வேண்டாம் என்றார். பெருமாள்ராஜ் மறுபடி நீட்டினார். வேண்டாம் என்றார். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றார். நம் ஊரில் யார்தான் முதல் தடவையே வாங்குகிறார்கள்? கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசத்துக்கே மூன்று வேண்டாம் சொல்கிற ஊர் இது. பெரிய மனுஷர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, அவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார் பெருமாள்ராஜ்.

வீட்டுக்கு வந்தவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. அய்யா டைரியிலேயே பெயரை எழுதிக்கொண்டார் என்று செல்வமணியிடம் சொன்னது முத்துராணி காதில் விழுந்தது. அவள் வெளியே வந்து, முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு தோல்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்துத் தமிழில் சொன்னாள். எந்த வகையிலாவது சிபாரிசு தேடுகிறவர்கள் தேர்வுக்குத் தகுதி இழப்பார்கள்.

பளபளவென்று லேமினேஷன் போட்டு ஊரெல்லாம் காட்டிய தாளில் அந்த வரியும் பளபளவென்றுதான் இருந்தது.

"நான் ஏழு வருசம் படிச்சிருக்கேன்ப்பா. அதுக்கு மேல நீங்க ஒரு கிலோ அல்வாவக் கொண்டு வச்சிட்டீங்க," என்றாள் முத்துராணி. "இனிமே வேல கெடச்சாலும், அது எனக்குக் கெடச்சதா உங்க தட்டுக்குக் கெடச்சதான்னு எனக்கே தெரியாது."

அவள் சத்தம் போட்டிருந்தால் பெருமாள்ராஜ் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் சீனமும் இல்லை, தமிழும் இல்லை. திண்டாடிப் போனார் மனிதர். மகளுக்குத் தான் ஒரு கெடுதல் செய்ய முடியும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவரும் கிளம்பினார். தாளாளர் காலில் விழுந்தாவது தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். யாரும் யார் காலிலும் விழ வேண்டாம், கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுவேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்றாள் முத்துராணி. பஸ்ஸில் இரண்டு பேரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, பயணிகளைப் போல உட்கார்ந்து வந்தார்கள்.

கூப்பிட்டபோது மணி பதினொன்றே கால். மகளுக்குப் பின்னால் பெருமாள்ராஜும் அறைக்குள் நுழைந்தார். நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் முதல்வர் டெபோரா அம்மையார், பக்கத்தில் தேவமணி அய்யா. அவர்களுக்கு முன்னால் அந்தச் சில்வர் தட்டு. ஒரு ஆப்பிள்கூடக் குறையவில்லை. தட்டின் விளிம்பில் 'பெ. செல்வமணி' என்று கடையில் வெட்டிக் கொடுத்த பெயர், அத்தனை பேரும் பார்க்கும்படி. பக்கவாட்டில் இருபது மாணவ மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

முத்துராணி தட்டைப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். உட்காரவில்லை.

இது எங்கள் வீட்டுத் தட்டு, இவர் என் அப்பா, இவர் சனிக்கிழமை தாளாளர் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாது, ஆனால் விதி எனக்குத் தெரியும் என்று சொன்னாள். விதிப்படி நீங்கள் என்னை நீக்கினால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வகுப்பை மட்டும் நடத்த விடுங்கள்.

டெபோரா அம்மையார் தாளாளரைப் பார்த்தார். தேவமணி அய்யா, தான் தட்டை மறுத்ததையும் அதை இங்கே கொண்டுவந்து ஒப்படைத்ததையும் சொன்னார். முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பதினைந்து நிமிடம் உங்களுடையது என்றார் முதல்வர்.

முத்துராணி புத்தாண்டுப் படங்களைப் பைக்குள் திரும்ப வைத்தாள். அனுமதி கேட்டு, மேசையிலிருந்த தட்டைக் கையில் எடுத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"எப்பா, இன்னைக்கு உங்கள வச்சுத்தான் பாடம். சம்மதமா?"

"நான் செஞ்சத நாலு பேரு பாக்கட்டும்ட்டி. நீ நடத்து," என்றார் பெருமாள்ராஜ்.

பாடத்தின் பெயரைக் கரும்பலகையில் சீன எழுத்தில் எழுதினாள்: விருந்தாளி வருகிறார். தட்டை அப்பாவிடம் கொடுத்துக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். மாணவர்கள் வீட்டுக்காரர்கள். பெருமாள்ராஜ் உள்ளே வந்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, இரண்டு வாரமாக வீட்டில் படித்த சீனத்தில் வணக்கம் சொன்னார். அறை அசந்து போயிற்று. கண்டக்டர் குரல்; கடைசி பெஞ்சு வரை கேட்டது. வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றாள் முத்துராணி, சொல்லியும் கொடுத்தாள். இருபது பேரும் சீனத்தில் வேண்டாம் என்றார்கள். விருந்தாளி மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம். மூன்றாவது தடவை முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து இரண்டு கையாலும் வாங்கினாள். விருந்தாளி முன்னால் அதைப் பிரிக்கக் கூடாது, ஓரமாக வைக்க வேண்டும் என்றாள் முத்துராணி. இது எங்கள் வீட்டு வழக்கம் மாதிரியே இருக்கிறதே என்று ஒரு பையன் சொன்னான். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

சீனாவிலும் வேண்டாம் என்பது பாதி நேரம் மரியாதை, பாதி நேரம் நிஜமாகவே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர்தான் அந்த ஊரில் வாழ முடியும். குன்மிங்கில் பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் தன் ஆசிரியைக்கு ஒரு தேயிலைப் பெட்டி கொண்டு போனாள். மூன்று தடவை நீட்டியும் ஆசிரியை வாங்கவில்லை. முடிவு வந்த மறுநாள் அவரே கூப்பிட்டு, அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பெட்டி அதே பெட்டிதான். நாள்தான் வேற," என்றாள் முத்துராணி. "எங்கப்பா கொண்டு வந்ததும் நல்ல பழம்தான். நாள்தான் தப்பு."

பெருமாள்ராஜ் சுவரோரமாக நின்றுகொண்டு மகளையே பார்த்தார். தான் இழுத்து வைத்த அவமானத்தை எடுத்து இருபது பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கிறாள்; அதில் அப்பனையும் தலைகுனிய விடவில்லை. வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, இவளைப் பெற்றது போதும் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். பேண்ட் போட்டு, துண்டில்லாமல் வந்த ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

வகுப்பு முடிந்து, கேள்விகள் முடிந்து, ஐந்தாவது ஆளும் போய்வந்த பிறகு, இரண்டரை மணிக்கு அப்பாவையும் மகளையும் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டெபோரா அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. தில்லிக்காரர் நிறையப் படித்தவர்தான். ஆனால் இவள் நடத்தி முடித்துப் போன பிறகும் பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஒருவருக்கொருவர் சீனத்தில் வேண்டாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தட்டு விஷயத்தையும் குழு பேசியது. விண்ணப்பதாரர் சிபாரிசு தேடவில்லை, தேடியவரைத் தானே காட்டிக்கொடுத்தார் என்று தாளாளரே சொல்லிவிட்டார். குழுவில் ஐந்து பேரும் முத்துராணியைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது, நடந்ததை அப்பா தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும், அது கோப்பில் இருக்கும்.

பெருமாள்ராஜ் உட்கார்ந்து எழுதினார். இருபத்தெட்டு வருஷம் சில்லறை எண்ணிய கை மெதுவாகத்தான் எழுதியது. டெபோரா அம்மையார் வாங்கிப் படித்தார்.

'சனிக்கிழமை நான் தேவமணி அய்யா வீட்டில் பழமும் அல்வாவும் வைத்துவிட்டு வந்தது என் மகளுக்குத் தெரியாது. அய்யா மூன்று தடவை வேண்டாம் என்றார்கள். நான்தான் கேட்கவில்லை. தட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் மகள் முத்துராணிக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அவள் சொல்லிக்கொடுத்தால் ஐம்பத்தாறு வயதில் எனக்கே சீனம் வருகிறது.'

முதல்வர் தாளை மேசையில் வைத்து, கடைசி வரியின் கீழே பேனாவை வைத்தார்.

"அண்ணாச்சி, இது சிபாரிசுல்லா?"

பெருமாள்ராஜ் பதறிப் போனார். "அத மட்டும் அடிச்சிருதேன்மா," என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

டெபோரா அம்மையார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். அத நாங்க காலையிலயே கண்ணால பாத்துட்டோம்," என்று சொல்லி, அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.