பூஜ்யம் தேதி பிறந்தவர்

திசையன்விளை டயாலிசிஸ் மையத்தின் பிஎச்பி என்ற கணினிமொழியில் எழுதிய மென்பொருள், ஜாவா என்ற இன்னொரு கணினிமொழியின் வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து, பூஜ்யம் தேதி பிறந்தவர்களுக்குக் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. அங்கே அப்படிப் பிறந்தவர் இசக்கிலிங்கம் ஒருவர்தான். பிறந்த நாள் தெரியாது என்று அவர் சொன்ன அன்றைக்குத் தரவுத்தளம் அவருக்கு அந்தத் தேதியைக் கொடுத்திருந்தது.

முன்பெல்லாம் பிஎச்பி தரவுத்தளத்திடம் நேராகப் பேசும். வந்திருப்பவர் பூஜ்யம் ஆண்டு, பூஜ்யம் மாதம், பூஜ்யம் தேதி பிறந்தவர் என்று தரவுத்தளம் சொன்னால், சரி என்று கதவைத் திறந்துவிடும். இப்போது அந்தப் பேச்சு ஜாவா வழியாகப் போய் வந்தது. நாள்காட்டியில் இல்லாத நாளில் பிறந்தவரை ஜாவா வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

மென்பொருளைக் குடிவைத்த மெர்லின் மடிக்கணினியோடு வாசலுக்கு வந்தாள். இசக்கிலிங்கம் படியில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்யாமல் திரும்பிப் போனவர். கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. மெர்லின் மடிக்கணினியைத் திறந்தாள்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி," என்றாள். "பிறந்த தேதியே கிடையாதுன்னு, ஜாவாவும் தரவுத்தளமும் பேசிக்கிடுற இணைப்புல எழுதிரலாம். கதவு திறந்திரும். ஆனா, பிறக்காதவருக்கு நர்ஸக்கா எங்க ஊசி குத்துவாங்க?"

"இன்னொரு வழி?"

"பக்கத்துல இருக்கிற நல்ல நாளுக்குத் தள்ளிரலாம். முதலாம் ஆண்டு, ஜனவரி ஒண்ணு. வயசு ரெண்டாயிரம் தாண்டிரும்."

இசக்கிலிங்கம் மனைவி சொர்ணத்தைப் பார்த்தார்.

"பிறக்காத ஆளோட நான் எப்படிக் குடித்தனம் நடத்த?" என்றாள் அவள். "வயசானா ஆகட்டும். ஆளு இருந்தாப் போதும்."

மெர்லின் இணைப்பில் ஒரு வரி சேர்த்தாள். இசக்கிலிங்கம் எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது. சொர்ணம் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கதவு திறந்தது.

நர்ஸ் அவர் கையைத் தடவிப் பார்த்து, "தோல் நல்லா இறுகிருச்சு," என்று தடித்த ஊசியாக எடுத்து வந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் மெர்லின் மடிக்கணினியை மூடினாள்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள் தலையைத் திருப்பினாள்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"அடப் பாவமே," என்றாள் அவள். "இந்தச் சின்ன வயசுலயே வந்திருச்சே, தம்பி."

சொர்ணம் ஆமாம் என்று தலையசைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.