கை ஊன்றாமல் எழுந்திருப்பது

டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குத் தெருவில் ‘செக்கிங்’ என்றே பெயர். பயணிகளை நம்பாமலே காலத்தை ஓட்டியவர், எழுபத்தெட்டு வயதில் மருமகளை மட்டும் நம்பிவிடுவாரா?

குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்து கீமோ தொடங்க வேண்டும். அதற்கு முன் டாக்டரம்மா அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்து கதவுவரை நடந்து வரச் சொன்னார். பாதி எழுந்தவர் தலை சுற்றிப் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வயசு எனக்குப் பிரச்சினை இல்லைங்கய்யா. கால் நிக்கணும். இப்படியே மருந்தை ஏத்தினா உடம்பு தாங்காது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. வீட்டுல இருக்கற மாத்திரை அத்தனையும் எடுத்துட்டு வாங்க.”

ஆட்டோவில் திரும்பும்போது அவர் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே வந்தார். போன மாதம்தான் அவள் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருந்தாள். நீளமாக, வெள்ளையாக இருந்தது, இப்போது உருண்டையாக, ரோஸாக வருகிறது.

“அந்தக் கம்பெனி மாத்திரை கடைக்கு வரலையாம் மாமா. இதுவும் அதேதான்” என்றிருந்தாள்.

இதுவும் அதேதான். நேற்றைய டிக்கெட்டை நீட்டுகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

ரோஸ் மாத்திரை வெறும் மாவு என்று அவர் அன்றே முடிவு கட்டிவிட்டார். விழுங்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றதால் அதை விழுங்கினார். மாவுதானே, என்ன செய்துவிடும்? தினமும் அவள் அந்தப் பக்கம் போனதும், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பதுக்கியிருந்த பழைய அட்டைகளிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றைக்கும் அப்படித்தான் செய்தார்.

ஒரு நாள் அவரது அறைக்கு வெளியே அவள் அளவு நாடாவோடு சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா அளவு?”

“சும்மாதான் மாமா.”

சும்மா யார் சுவரை அளப்பார்கள்? தான் போன பிறகு இந்த அறையை என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுகிறாள். அன்று குளியலறைக்குப் போகும்போது அவருக்குக் கால் இடறியது. சுவரைப் பிடித்துச் சமாளித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மருமகள் மாத்திரைப் பையை டாக்டரம்மாவின் மேசைமேல் கவிழ்த்தாள். ரத்த அழுத்தத்துக்கு அந்த ரோஸ், இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மூட்டு வலிக்கு, மூட்டு வலி மாத்திரையால் வந்த வயிற்றெரிச்சலுக்கு, தூக்கத்துக்கு.

“போற இடத்துல எல்லாம் ஆளுக்கொண்ணு சேர்த்திருக்காங்க. எடுக்கத்தான் யாருமில்ல” என்று டாக்டரம்மா தூக்க மாத்திரையைத் தனியே ஒதுக்கினார்.

செக்கிங் தொண்டையைச் செருமினார். இதற்காகத்தான் காத்திருந்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து மிச்சமிருந்த வெள்ளை அட்டையை நீட்டினார்.

“இதுதாம்மா அசல். இவ குடுக்கறது மாவு. தினமும் திருட்டுத்தனமா இதைப் போட்டுக்கறதாலதான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கேன்.”

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்.

“ரோஸையும் விழுங்கறீங்களா?”

“பக்கத்துல நின்னு பார்க்கறா. விழுங்காம?”

“பேர்தாங்கய்யா வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டிருக்கீங்க. எழுந்திருச்சா ரத்த அழுத்தம் சரசரன்னு இறங்குது. அப்புறம் கால் எப்படி நிக்கும்?”



“நான் மாவா குடுத்தேன் மாமா?” என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

வெள்ளை அட்டை டாக்டரம்மாவின் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். அவர்கள் வீடு திரும்பியபோது, அவரது அறையிலிருந்து குளியலறைவரை சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தியிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

அடுத்த முறை மருத்துவமனையில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். கதவுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா கீமோவுக்குத் தேதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவர் நின்று, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே உற்றுப் பார்த்தார்.

“நாற்காலியை மாத்திட்டாங்கம்மா. போன தடவை இருந்தது இவ்வளவு உயரம் இல்ல.”

“இருக்கும் மாமா” என்றாள் மருமகள். “அளவு நாடா பையிலதான் இருக்கு. போய் அளந்துட்டு வரட்டுமா?”