மூன்றாவது கொடி

1
இந்தக் கதை இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் மடியில் ஐஸ் பெட்டி. "உள்ளே மீனா?" என்று கேட்டேன். "தொப்புள்கொடி" என்றாள். நான் சற்று நகர்ந்து உட்கார்ந்து பெயர் கேட்டேன். மாரிசெல்வி.

2
தொடக்கம்: சர்க்கரை மிகுந்த ரத்தத்தில், குழாயின் உட்சுவரிலுள்ள செல்கள் மெல்ல மெல்ல… (பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன்.)

வேறு தொடக்கம்: மாரிசெல்வியின் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் போய்… (அவருக்கு இரண்டு காலும் திடமாக இருக்கின்றன, பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். உங்களை அழவைக்க அவரை நான் ஏன் முடமாக்க வேண்டும்?)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கொடியின் ரத்தக்குழாயிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பாள். சர்க்கரை நோயாளியின் ரத்தம்போல ஊட்டநீரில் சர்க்கரையைக் கூட்டினால் அவை சாகும். கூடவே, நம் உடம்பே சுரக்கும் ஒரு பெப்டைடு ஹார்மோனை, அதாவது ஒரு குட்டிப் புரதத்தை, சேர்த்தால் பிழைக்கும். இரண்டு கொடிகளில் பிழைத்துவிட்டன. மூன்றாவதிலும் பிழைத்தால்தான் அவள் பேச்சு எடுபடும். இல்லையென்றால் நாலு வருட உழைப்பைத் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள்.

3
பஸ்ஸில் நான் பார்த்த அன்று காலை, இராஜபாளையத்துப் பிரசவ வார்டில் வலிக்குக் காத்திருந்த சுடலைமாடத்தி கொடியைத் தர முடியாது என்றுவிட்டாள்.

"கொடியக் குடுத்துட்டா எம் பிள்ளைக்குத் தாயத்துல எதப் போடுறது?"

[இங்கே மாரிசெல்வி ஒரு பக்கத்துக்கு விஞ்ஞானம் பேசுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை.]

"காஞ்சு விழுற துண்டு பிள்ள வயித்துலதான்க்கா இருக்கும். தாயத்துக்கு அது போதும். குப்பைக்குப் போற மிச்சந்தான் எனக்கு."

"அத வச்சு என்ன செய்வ?"

"சீனித் தண்ணியில போட்டு, சாகுதா நிக்குதான்னு பாப்பேன்."

சுடலைமாடத்தி சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவள் ஆத்தாளுக்குச் சுகர்.

"நின்னா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்குப் பெண் பிறந்தாள். கொடி ஐஸ் பெட்டிக்குள் போனது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

4
சோதனையின் கடைசி நாள். சாதாத் தட்டில் செல்கள் சுகம். சர்க்கரைத் தட்டில் பாதிக்கு மேல் கழன்று மிதந்தன. மூன்றாவது தட்டில் அதே சர்க்கரையோடு ஹார்மோனும். அதைக் கடைசியாக நுண்ணோக்கியில் வைத்தாள்.

நின்றன. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தனையும் நின்றன. (அத்தனையும் என்பது என் உற்சாகம். நூற்றுக்குத் தொண்ணூறு.)

மூன்று தரம் எண்ணினாள். அப்புறம், யாரும் இல்லையென்று நினைத்துக் குலவையிட்டாள். பக்கத்து அறைப் பேராசிரியர் பதறி ஓடிவந்தார். இது நான் கட்டியது இல்லை.

5
மாரிசெல்வி வந்து செல்போனில் காட்டிய படத்தைப் பார்த்த சுடலைமாடத்தி, பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். அதன் இடுப்புக் கயிற்றில் புதுத் தாயத்து.

"அம்புட்டுச் சீனியிலயும் நின்னுருக்காளே. எம் பிள்ளைல்லா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது.

6
தட்டில் நின்றது உடம்பிலும் நிற்குமா, மருந்தாகுமா? இரண்டு முடிவுகள் எழுதி இரண்டையும் கிழித்தேன். அது தெரிய இன்னும் எத்தனையோ கொடிகள் வேண்டும். உங்கள் வீட்டுப் பிரசவத்தன்று ஐஸ் பெட்டியோடு ஒருத்தி வந்து நிற்பாள். அவளுக்கு நீங்கள் சொல்லும் பதிலை இதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.